லவீனியா தானே போய் அழைத்தாள்

லவீனியா தெற்கே வர்ஜீனியாக்காரி. அவள் புருஷன், மாலுமி அசாகேல், அவளைக் கப்பல் சரக்கோடு இறக்கிக்கொண்டு வந்தான் என்று மாசசூசெட்ஸ் கடற்கரையில் எங்கள் ஊர்ப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். 1812இல் பிரிட்டனோடு சண்டை மூண்டதும் சிரிப்பு நின்றது. சண்டைக்குக் கை தூக்கியவர்கள் தெற்கத்திக்காரர்கள்; துறையில் கிடந்து மக்கியவை எங்கள் கப்பல்கள். எங்கள் ஆளுநர் மாநிலப் படையை அனுப்ப மறுத்துவிட்டார். பிழைப்பற்ற அசாகேலோ மத்திய அரசின் பட்டாளத்தில் சேர்ந்து கனடா எல்லைக்குப் போய்விட்டான். பெண்டாட்டிதான் ஏவிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது.

எங்கள் பக்கம் பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவச்சியான நான் மட்டும் போதாது. புருஷன் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்து வருவான். தாங்கிப் பிடிக்க இரண்டு பேர், வெந்நீர் பார்க்க ஒருத்தி, பேச்சுக் கொடுக்க மற்றவர்கள். வலி கண்ட காலையில் லவீனியா சால்வையைப் போர்த்திக்கொண்டு தானே கிளம்பினாள். வந்து படு என்றேன். கேட்கவில்லை. கூடவே நடந்தேன்.

முதல் வீட்டில் தலைவலி என்றார்கள். அடுத்த வீட்டில் தறிச் சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. ஜெருஷா மட்டும் வாசலுக்கு வந்தாள்.

"எனக்கு நேரம் வந்துடுச்சுக்கா."

"அதுக்கு நான் எதுக்கு? உங்க ஊர்க்காரர்தானே ஜனாதிபதி. அவர் வீட்டம்மாவைக் கூப்பிடு!"

"உன் கடைசிப் பிள்ளைக்கு உன்னைத் தாங்கினது நான்தானேக்கா?"

"அப்ப என் புருஷனுக்குக் கப்பல் ஓடுச்சுடி."

லவீனியா வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு வலியைக் கடத்தினாள். ஜெருஷா உள்ளே போகவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை.

"திரும்பலாம் அத்தை" என்றாள் லவீனியா.

வீட்டில் கட்டில் காலில் விரிப்பை முறுக்கிக் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கால்களை என் தோளில் ஊன்றினாள்.

"கத்துடி. அடக்காதே."

"தெருவுக்குக் கேக்கும்."

பெண் குழந்தை; நன்றாக அழுதது. தாய்க்குக் கிழிசல் ஆழம். பிடிக்க இரண்டு கை இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது. மாதக்கணக்கில் நடக்கச் சிரமப்பட்டாள்.

சமாதானம் வந்தது, கோயில் மணி அடித்தார்கள், கப்பல்கள் ஓடின. பெண்கள் பழையபடி பேசத் தொடங்கினார்கள். லவீனியா கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். யார் வீட்டுப் பேற்றுக்கும் போகவில்லை. அசாகேல் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

அடுத்த பிள்ளைக்கு வலி கண்டபோது அவன் தொப்பியை எடுத்தான்.

"எங்க கிளம்பிட்ட?"

"அழைக்கத்தான். எப்ப எப்பன்னு ஜெருஷாக்கா நேத்தே கேட்டாங்க."

"தொப்பியை வை. அத்தை இருக்காங்க, போதும்."

"ஒருத்தர் எப்படிப் போதும்?"

அவள் கட்டில் காலில் கட்ட விரிப்பை முறுக்க ஆரம்பித்திருந்தாள். அவன் என்னைப் பார்த்தான். வெந்நீர் போடச் சொன்னேன்.