அண்ணன் சரிசெய்யாமல் விட்ட தூண்டில்

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் கையிலுள்ள தூண்டிலைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். ஊரார் தூண்டில்களின் பிடியையெல்லாம் புதிதுபோல ஆக்கிக் கொடுத்தவரின் சொந்தத் தூண்டிலில் பிடியின் தக்கை தேய்ந்து, அழுக்கேறி, பார்க்கச் சகிக்கவில்லை. முதலாண்டு நினைவு நாளுக்குள் அதைச் சரிசெய்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் தங்கையாகிய நான்தான். அது ஏன் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது வெண்ணந்தூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே. பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தார் அண்ணன். தேய்த்துத் தேய்த்துக் கைரேகையே போய்விட்டது, ஜோசியக்காரருக்கு இனி வேலையில்லை என்பார். அந்தக் கைகள்தான் என்னைப் படிக்க வைத்து, சேலத்தில் கட்டிக்கொடுத்து, அம்மாவைக் கடைசிவரை குறையில்லாமல் பார்த்துக்கொண்டன. பெயிண்டராகி, பட்டறையில் எல்லோருக்கும் மூத்தவராகி ஓய்வு பெற்றார்.

கல்யாணமான புதிதிலிருந்தே ஞாயிறுதோறும் அண்ணியைக் கூட்டிக்கொண்டு மோகனூர் போவார். அண்ணிக்குக் கோயில், அண்ணனுக்குக் காவிரி. மருமகளின் பக்தியைப் பற்றி அம்மா பார்ப்பவரிடமெல்லாம் பெருமை பேசுவார். திரும்பி வந்ததும் பெரிய கட்லாவைத் தூக்கிக் காட்டி, அது எப்படி இழுத்தது, தாம் எப்படி விட்டுப் பிடித்தார் என்று அண்ணன் அளப்பார். நெற்றியில் திருநீற்றோடு அண்ணி அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

ஓய்வுக்குப் பிறகுதான் தக்கைப் பிடி வேலை தொடங்கியது. முதலில் மாட்டியது ஒரு நண்பரின் தூண்டில். லாரிக்குச் செய்வதுபோலவே பட்டி பூசி, தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, மேலே ஒரு தாமரைப் பூவும் வரைந்து கொடுத்தார். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். மறு ஞாயிறே, மாட்டிய முதல் மீன் இழுத்தபோது ஈரக் கையில் பிடி வழுக்கி, தாமரையோடு தூண்டில் காவிரியோடு போய்விட்டது. பறிகொடுத்தவரைவிட அண்ணன்தான் அதிகம் சிரித்தாராம்.

அதோடு பெயிண்டை விட்டார். ஈரத் துணியால் அழுக்கெடுத்து, தக்கைத் தூளைப் பசையில் குழைத்துக் குழிகளில் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டால் போதும் என்று கண்டுகொண்டார். தூளுக்கு இறகுப்பந்தின் அடித்தக்கை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டருகே விளையாடுகிறவர்கள் தூக்கிப்போடும் பந்துகளைப் பொறுக்கி அனுப்புவது, பேரன் எடுத்த வயதில் எனக்கு வாய்த்த உத்தியோகம். அரைப்பது அண்ணியின் மிக்சியில். ஒருநாள் தேங்காய்ச் சட்னியில் தக்கை தட்டுப்பட்டது. அண்ணிக்கு இடக்கைப் பழக்கம். அந்தக் கையாலேயே ஜாரைத் தூக்கிக் கொண்டுபோய் உப்புத்தாள்களுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார்.

ஒருவர் தன் தந்தையின் தூண்டிலைக் கொடுத்திருந்தார். அண்ணன் செய்து கொடுத்த வழவழப்பான பிடியைத் தடவிப் பார்த்தவர் கண் கலங்கிவிட்டார். தந்தையின் கட்டைவிரல் பதிந்து பதிந்து விழுந்த பள்ளம் அதில் இல்லை. அண்ணனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு யார் கொண்டுவந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்: "பள்ளம் இருக்கட்டுங்களா, ரொப்பிப்போடலாங்களா?"

போன வருடம் நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் இருந்தபோதும் நர்சுகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் வீடு திரும்புவதற்குள் உங்கள் தூண்டிலையும் சரிசெய்து வைக்கிறேன் என்றேன். "அது அப்பிடியே கெடக்கட்டுஞ் சாமி" என்று சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் வீடு திரும்பவுமில்லை.

சென்ற மாதம் நான் சொல்லியனுப்பி, அண்ணனோடு வேலை செய்த பட்டறை நண்பர் வந்தார். தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் கேட்கும் அதே கேள்வியை அண்ணியிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டு, ரொப்பிவிடச் சொன்னேன். அண்ணி தூண்டிலை வாங்கி இடக்கையில் பிடித்தார். கட்டைவிரல் தக்கையில் ஒரு பள்ளத்தில் போய் அப்படியே உட்கார்ந்தது.

"பள்ளம் ரெண்டு இருக்குது பாருங்க. அது அவரோடது. இது என்னோடது."

மருமகள் ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்காருவது அம்மாவுக்குப் பிடிக்காது என்றுதான் கோயில் பேச்சாம். கும்பிட்ட கையோடு ஆற்றுக்கு இறங்கிவிடுவார்களாம். அம்மா போன பிறகும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வதில் இருவருக்கும் ஒரு சந்தோஷம். அப்படியென்றால் அந்தக் கட்லாக்கள் என்று இழுத்தேன்.

"பெருசெல்லாம் நான் புடிச்சதுங்க அம்மிணி. அவருக்குப் பொடிக் கெண்டைதான் மாட்டும். பேசறதுக்காச்சும் ஒண்ணு வேணுமேன்னு உட்டுட்டேன்."

அழுதுகொண்டே சிரித்தேன். பட்டறை நண்பர் உப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், தோள் கொடுத்த பட்டறைக்காரர்களுக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், தொலைவிலிருந்து வந்து ஆறுதல் சொன்ன உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. இத்தனை காலம் அண்ணன் பேரில் சாப்பிட்ட மீனுக்கெல்லாம் அண்ணிக்குத் தனியாக என் நன்றி.

நினைவு நாள் முடிந்து வரும் ஞாயிறு, அந்தத் தூண்டிலோடு அண்ணி மோகனூர் போகிறார். நானும் கூடப் போகிறேன். யாராவது கேட்டால், கோயிலுக்கு என்று சொல்லுங்கள்.