பழுதைக் காணவில்லை

என் மெக்கானிக் பரீட்சைத் தாளில் ‘கண்டறிந்த பழுது’ என்று ஒரு கட்டம் இருந்தது. அரைமணி நேரமாக அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சகர் வேண்டுமென்றே காரில் ஒரு பழுதைச் செய்துவைப்பார். அதை நான் கண்டுபிடிக்க வேண்டும். நின்ற காரின் எஞ்சினோ ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சித்தியடைந்தால் நான் மெக்கானிக். தவறினால், ‘பொம்பிளைப் பிள்ளைக்கு உது சரிவராது எண்டு அப்பவே சொன்னனான்’ என்று சொல்லக் காத்திருந்த மாமாவின் முகத்தில் விழிக்க வேண்டும்.

சாவகச்சேரியில் கார் திருத்தும் ஒரு கராச்சில் மூன்று வருஷம் தொழில் பழகினேன். முதலாளியை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனிதர். ஆனால் நோய் மாதிரி ஒரு வருத்தம் அவருக்கு இருந்தது: எங்காவது ஒரு எஞ்சின் விக்கி விக்கி ஓடினால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் கண்ணை மூடி ஜெபிக்க, வெளியே யாருடையதோ வான் விக்கிக்கொண்டு நின்றது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அண்ணை உட்கார்ந்திருந்த வாங்கு காலி. எஞ்சினுக்குள் தலையை விட்டு நின்றவரைக் கண்டு வான்காரர் ‘கள்ளன், கள்ளன்’ என்று கத்தியதில் அன்று பிரசங்கம் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

பரீட்சையும் அதே கராச்சில்தான். பழுதைச் செய்யும்போது நான் பார்க்கக்கூடாதென்று என்னைக் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். அண்ணைக்குக் கராச்சுக்குள் வரவே தடை. ‘ஓம் சேர், ஓம் சேர்’ என்று தலையாட்டிக்கொண்டு போனார். பரீட்சகர் எஞ்சினை ஓடவிட்டுக் கைகழுவப் போய், வந்து என்னைக் கூப்பிட்டார்.

எதையாவது எழுதித் தப்பிவிடலாமா என்று மனம் குறுகுறுத்தது. பேனை கையில் இருந்தால் எந்தக் காருக்கும் ஒரு நோய் எழுதலாம். கடைசியில், ‘பழுது இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“தங்கச்சி, நானே ஒரு பிளக் வயரைத் தளர்த்தி விட்டனான்” என்றார் பரீட்சகர், பரிதாபமாக.

“எல்லா வயரும் இறுக்கமாத்தான் இருக்கு, சேர்.”

அவர் குனிந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அப்போது வாசல் படலையடியில் அண்ணையின் குரல் கேட்டது.

“சேர், உது நீங்களோ தளர்த்தினது? நீங்கள் கைகழுவப் போகேக்கை மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தனான். எஞ்சின் விக்கிச்சுது. பிள்ளைதான் நேற்று ஒழுங்கா மாட்டேல்லையாக்கும், சேர் கண்டால் பெயிலெல்லோ எண்டு இறுக்கிவிட்டுப் போட்டன்.”

பரீட்சகர் அண்ணையைத் தன் காருக்குள் இருத்தி, கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிவிட்டு வந்து இன்னொரு பழுதைச் செய்தார். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சித்தியடைந்தேன். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அண்ணை என்னைக் கவிழ்க்கப் போனதைக்கூட மன்னிக்கலாம். மூன்று வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தும், நான் வயரை அரைகுறையாக மாட்டுவேன் என்று நினைத்தாரே, அதுதான் சுட்டது. சமாதானத்துக்குத் தினமும் வடை வாங்கி வந்தார். வடையைத் தின்றேன், கோபத்தை விடவில்லை.

இப்போது கரவெட்டியில் எனக்கென்று ஒரு கராச் இருக்கிறது. போன மாதம் என்னிடம் பழகும் பெண்ணுக்குப் பரீட்சை. என்னையும் வெளியே போகச் சொன்னார்கள். எதிர்க்கடையில் நின்றேன். உள்ளே எஞ்சின் விக்கத் தொடங்கியது. பரீட்சகரின் வேலைதான் என்று நன்றாகத் தெரியும். என்றாலும், அவள் நேற்று எதையாவது சரியாக மாட்டாமல் விட்டிருந்தால்? பஸ்காரன் ஹோர்ன் அடித்தபிறகுதான் நான் நடுறோட்டுக்கு வந்துவிட்டது தெரிந்தது.

கடையடிக்குத் திரும்பி வந்து அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, எனக்கு இப்ப உங்களிலை கோபமில்லை” என்றேன்.

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

“பிள்ளை, அங்கை ஒரு எஞ்சின் விக்குதெல்லோ! உதிலை நிண்டு என்ன கதை? ஓடிப்போய்ப் பார்!”