சுருட்டி வைத்த பாய்

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு வியாபாரியின் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். ஊரில் காலரா என்று ஆபீசுக்கே வந்து எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் என் கை வீங்கி, காய்ச்சலும் வந்துவிட்டது. குமாஸ்தா சேட்டன் ஆட்டோவில் கூட வந்து வீட்டில் விட்டுப் போனார்.

காய்ச்சல் இறங்கியது. அந்த மாதத் தூரம் மட்டும் வரவில்லை. ஊசியால்தான் என்று இன்றும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு மாதமும் தப்பியதில்லை.

எங்கள் வீட்டில் அது மறைக்கிற விஷயமில்லை. தூரமானால் மூன்று நாள் கொல்லை அறை, தனிப் பாய், தனித் தட்டு. அடுத்த வீட்டுக்கும் தெரியும். ஆகாவிட்டாலும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பாய் மூலையில் சுருட்டியபடியே இருந்தது. அம்மா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள்.

"உள்ளதைச் சொல்லுடி. அந்தக் குமாஸ்தா கூட ஆட்டோல வந்தியே."

"ஊசி போட்டதிலேர்ந்துதாம்மா இப்படி."

"ஊசி போட்டது கையிலே. அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? யார் காதுல பூ சுத்தறே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் உடம்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது நான் எதைச் சொல்லி நம்பவைப்பது? அப்பா என்னை வேலைக்கு அனுப்புவதை நிறுத்தி, வாசல் கதவுக்கு உள்பக்கம் பூட்டு மாட்டினார். ஜன்னலில் சுக்கு வாசனை வரும்போதெல்லாம், முதலாளி இன்னும் எத்தனை நாள் பொறுப்பார் என்று கணக்குப் போட்டேன். பொறுக்கவில்லை. என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள் என்று அப்பா ஒருநாள் வந்து சொன்னார்.

அதற்கு மறுநாள் காலையில் எனக்குத் தூரம் வந்தது. சமையலறைக்கு வெளியே நின்று, "நான் தூரம்" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கொல்லைப் பக்கம் ஓடி, "மாமி, கேட்டேளா, இவ தூரம்" என்று அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். பிறகு நான் போய் உட்கார்ந்த கொல்லை அறை வாசலில், தள்ளி உட்கார்ந்து அழுதாள்.

"பாவி நான், என்னெல்லாமோ சொல்லிட்டேனே." என் பக்கம் கையை நீட்டியவள், தீட்டு நினைவு வந்து இழுத்துக்கொண்டாள்.

நான் எட்டி அந்தக் கையைப் பிடித்தேன். ஆத்திரம் தீருமட்டும் விடவில்லை. அவளும் உதறவில்லை.

நான் விட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள்.