பலாப்பால் ஒட்டிய சீட்டு

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த பங்களாவைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்குச் சொந்த ஊர் ஞாபகம் ஜாஸ்தி போலிருக்கிறது. முன்னால் எட்டு உருண்டைத் தூண்களும் ஆள் உயர ஜன்னல்களும் வைத்தவர், கடலூர் வெயிலில் வெந்துகொண்டே, கூடத்தின் பின்சுவர் நடுவில் குளிர்காய ஒரு கணப்படுப்பும் கட்டியிருந்தார். அதில் யாரும் தீ மூட்டி நான் பார்த்ததில்லை. அம்மா புளிப்பானையை வைத்திருந்தாள். மாடி பாதி எழும்பியபோதே துரைக்கு மாற்றல் வந்துவிட்டதாம். அதனால் கிழக்குப் பக்கம் மட்டும் தேக்குப் படிக்கட்டும் மேலே ஓர் அறையும் இருந்தன. மேற்குப் பக்கத்துக்குக் கிணறும் தோட்டமும்.

எனக்கு எட்டு வயதானபோது, அப்பாவும் பெரியப்பாவும் வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. இரண்டு மருமகள்களுக்கு ஒரு சமையலறை. அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

அந்த மாடியறையில்தான் பெரியம்மாவின் ஒரே மகன் காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமல் போனான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவனை அறையின் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, உயரத்துக்குப் பென்சிலால் கோடு போடுவாள் பெரியம்மா. எட்டுக் கோடுகள் இருந்தன. கடைசிக் கோட்டை எட்டிவிட்டேனா என்று நான் அடிக்கடி போய் நின்று பார்ப்பேன்.

பெரியம்மா வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பாதான் ஒருமுறை, "கெழக்க எங்களுக்கு உட்டுடேன்டா" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா உத்தரத்தைப் பார்த்தாள். சரி, சீட்டுப் போட்டுவிடலாம் என்றார்கள்.

சாமி படத்துக்கு முன்னால் சொம்பில் இரண்டு சீட்டுகளைப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். கள்ளங்கபடம் தெரியாத பிள்ளை எடுத்தால் சாமியே எடுத்த மாதிரி. எங்கள் வீட்டில் மிச்சமிருந்த பிள்ளை நான்தான். நான் எடுப்பது எங்களுக்கு, மிஞ்சுவது பெரியப்பாவுக்கு.

சீட்டு எழுத வந்தவர் பண்ருட்டி மாமா, அம்மாவின் தம்பி. கையோடு ஒரு பலாப்பழமும் கொண்டுவந்திருந்தார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குனிந்து சொன்னார்.

"பாப்பா, சொம்புல கைய உட்டுத் தொழாவு. எது வெரல்ல ஒட்டுதோ அத எடு. யாருகிட்டயும் சொல்லாத. மொத சொளை ஒனக்குத்தான்."

கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டேன். ஒன்று பிசுபிசுவென்று ஒட்டியது. எடுத்தேன். கிழக்கு. பெரியப்பா அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி குடுத்தது, ரைட்டு" என்றார்.

பெரியம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். விரலில் துணுக்குக் காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். மூலையில் இன்னும் அறுக்காமல், காம்பில் பால் கசியக் கிடந்த பழத்தைப் பார்த்தாள். பிறகு நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

"சோப்பு போட்டாப் போவாது பாப்பா. எண்ணெ வச்சாத்தான் போவும்."

ஒவ்வொரு விரலாக நிதானமாகத் தேய்த்து, முந்தானையில் துடைத்துவிட்டாள். "பெரியப்பாகிட்ட கையக் காட்டாத, அவரு கோவக்காரரு" என்றாள். கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "மேல ரூமு கதவு நெலையில பெயின்ட் அடிக்காம பாத்துக்கறியாம்மா?" என்று கேட்டாள். சரி பெரியம்மா என்றேன். இவ்வளவு சின்ன விஷயத்தை எதற்குக் கெஞ்சுவதுபோல் கேட்கிறாள் என்று இருந்தது. எனக்குப் படிக்கட்டு கிடைத்த சந்தோஷம்.

கூடத்தின் குறுக்கே சுவர் எழும்பியது. ஆளுக்கு நான்கு தூண். கணப்படுப்பை இடிக்கக் கொத்தனாருக்கு மனம் வரவில்லை. அதன் நடுவில் சுவர் வைத்தவர், ஒரு செங்கல் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டார். அதன் வழியாகப் பெரியம்மாவின் தாளிப்பு வாசனை தினமும் எங்கள் பக்கம் வரும். சில நாள் முறுக்கும் வரும். அவள் மட்டும் எங்கள் பக்கம் வரவே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு அப்பா கதவுகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்தார். என்ன நிறம் என்று என்னைத்தான் கேட்டார். பச்சை என்றேன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிவரை கூடவே போனேன். நான்கு இழுப்பில் எட்டுக் கோடுகளும் போய்விட்டன. பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை. கணப்படுப்பு இடைவெளி வழியாக அது அந்தப் பக்கமும் போயிருக்கும். அன்று மதியம் அங்கிருந்து தாளிப்பு வாசனை வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பெரியம்மா ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியில் சறுக்கி விளையாடப் போனேன்.