கடலில் விட்ட மாத்திரை

வலிப்பு வந்து விழுந்தவன் கையில் என் ஸ்கூட்டர் சாவியைத் திணித்தவன் நான். வலிப்புக்கும் இரும்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கூட்டத்தில் பேசி, சால்வையும் வாங்கியிருந்தேன். அவனுடைய அம்மா, "யார்கிட்டயாவது இரும்பு இருந்தா குடுங்களேன்" என்று கதறியதும் வாய் பேசியதைக் கை மறந்துவிட்டது. அந்தச் சாவியில் பாதி பிளாஸ்டிக் வேறு.

இது நடந்தது மரக்காணம் உப்பளத்தில், ஒரு வரப்பின் மேல். அவனை எனக்குக் கூர்நோக்கு இல்லத்தில் பழக்கம். வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் அந்த இடத்துக்குச் சனிக்கிழமைகளில் கதை சொல்லப் போவேன். எழுந்து போக வழியில்லாத ரசிகர்கள் எழுதுகிறவனுக்கு லேசில் கிடைப்பதில்லை. அடிதடி வழக்கில் வந்திருந்த இவனுக்கு வலிப்பு நோய் இருப்பதை அங்கே வரும் டாக்டர்தான் கண்டுபிடித்தார். காலையும் இரவும் மாத்திரை. வார்டன் எதிரிலேயே விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அங்கே இருந்தவரை அதற்குப் பிறகு வலிப்பு அவனை எட்டிப் பார்க்கவில்லை.

பதினெட்டு வயது நிறைந்து, வழக்கும் முடிந்து கிளம்பிய அன்று, சில நாளுக்கான மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்து, "பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில வாங்கிக்கோ" என்று அனுப்பிவைத்தார்கள். "உடம்பைப் பாத்துக்கோப்பா" என்று நானும் சொன்னேன். இலக்கியத்தின் பங்களிப்பு அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள், பக்கத்து ஊரான கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணம் பக்கம் போனபோது அவனைப் பார்க்க அளத்துக்குப் போனேன். அம்மாவும் மகனும் அங்கேதான் கூலி வேலை. என்னைப் பார்த்துச் சிரித்தபடி வரப்பில் ஏறியவன் அப்படியே சாய்ந்தான். ஏறுவதற்கு முன் சாய்ந்திருந்தால், பாத்தியின் உப்புத் தண்ணீரில் முகம் குப்புற விழுந்திருப்பான். அது கணுக்கால் ஆழம்தான். ஆனால் நினைவில்லாதவன் மூழ்க அது போதும்.

கொட்டகை நிழலில் அவன் தெளிந்த பிறகு, மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதான் கேஸ் முடிஞ்சிடுச்சே சார்."

அம்மா விளக்கினாள். வெளியே வந்த அன்று, வீட்டுக்குள் கால் வைக்கும் முன் அவனைக் கடலில் தலைமுழுகவைத்திருக்கிறாள். உள்ளே உடுத்திய துணியை அலையிலேயே விட்டாயிற்று. கூடவே மாத்திரைக் கவரையும். "உள்ள இருக்கிறவங்களுக்குத் தர்ற மாத்திரைனு நெனச்சிட்டோம்ங்க. வீட்லயும் அதையே முழுங்கினா, அந்த எடம் விடவே விடாதுன்னு பயம்."

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரையும் அழைத்துப் போனேன். கண்ணில் பட்ட வரிசையில் முந்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துப் பக்கத்திலிருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்: "சாருக்கு எத்தினி மாசம்?" அன்று செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் பரிசோதனை நாள்.

சிரித்து முடித்த நர்ஸ் எங்களை டாக்டரிடம் கூட்டிப் போனாள். என்ன மாத்திரை, என்ன அளவு என்று அவர் கேட்டார். எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. அது கடலுக்குத்தான் தெரியும். இல்லத்து டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு டாக்டர்களும் ஒரு டீ ஆறுகிற நேரம் பேசினார்கள். இல்லத்திலிருந்து அவனை அனுப்புவதற்கு முன்பே இந்தப் போனைப் போட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"அந்த மாத்திரைய பாத்தாலே இல்லத்துல மணி அடிக்கிற மாதிரி இருக்குது, நான் போட மாட்டேன்," என்று அவன் முரண்டு பிடித்தான்.

நர்ஸ் அவனை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உன் பிரஷர் மாத்திரை வாங்க ஏன் வர்றதே இல்ல?" கேட்டபடியே சீட்டில் எழுதினாள். "இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தர்றேன். கஞ்சி குடிச்சிட்டு ஒண்ணா போடுங்க. ஏம்பா, அம்மா முழுங்கறாங்களானு பாக்கறது உன் பொறுப்பு."

அவன் யோசித்தான். அந்த வேலை பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

கொஞ்ச நாளைக்குப் பாத்தியில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். விஷயம் தெரிந்தால் மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று அம்மா பயந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி முனகிக்கொண்டே அவனை மூட்டை தைக்க அனுப்பினார். "இங்க வுழுந்தா உப்பு மூட்டை மேலதான வுழுவான், வுழட்டும்."

இப்போது இல்லத்தில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளை யாராவது மருந்தோடு வெளியே வருவதாக இருந்தால், முன்கூட்டியே சுகாதார நிலையத்துக்குப் போன் போகும். நர்ஸ் அந்தப் பிள்ளையிடமே பேசுவாள்: "கேஸ் வேற, மாத்திரை வேற. என்னை வந்து பாரு. செவ்வாக்கிழமை மட்டும் வேணாம், ஒரு சார் வந்து அவஸ்தைப்பட்டாரு." சிலர் தாங்களாகவே வந்துவிட்டார்கள்.

போன மாதம் கொட்டகைக்குப் போயிருந்தேன். கஞ்சி குடித்து முடித்த அம்மாவிடம், "வாயத் தொற. நாக்கத் தூக்கு," என்று அவன் அதட்டிக்கொண்டிருந்தான். வார்டன் தோற்றார். தன் மாத்திரையையும் விழுங்கிவிட்டு, கேட்காமலே எனக்கு நாக்கைத் தூக்கிக் காட்டினான். மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லையாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு வேளைகூட விடாம போடறியே, எப்படிப்பா?" என்றேன். என் பேச்சும் ஒரு காரணம் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன்.

"பயம்தான் சார்," என்றான். "மறுபடி வலிப்பு வந்தா, நீங்க சாவி குடுப்பீங்களே."