சிரித்த வாசகர்

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் எங்களுக்குத் திறனாய்வுக் கோட்பாடு ஒரு பாடம். அன்று பேராசிரியர் ஒரு சிறுகதையை வாசிக்கச் சொன்னார். வடசென்னைக்காரன் ஒருவன் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிற கதை. ஒரு மாணவன் எழுந்து, "மெய்யாலுமே நான் ஒண்ணியும் பண்ல சார்" என்று இழுத்து இழுத்துப் படித்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதென்றே கொஞ்சம் உரக்கச் சிரித்தேன்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "அவன் உயிருக்குப் பயந்து பேசுகிறான். நீங்கள் ஏன் சிரித்தீர்கள்?" என்று கேட்டார். எந்தக் கதையும் ஒரு வாசகரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது, இந்தக் கதை யாரை வைத்திருக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கட்டுரை எழுதி வரச் சொன்னார்.

மதிய இடைவேளையில் அப்பா போனில் கூப்பிட்டார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். எண்ணூர் சாலையில் வண்டி வரிசையில் நிற்கும்போதெல்லாம் கூப்பிடுவார்.

"இன்னாம்மா, துன்ட்டியா?"

தோழிகள் பக்கத்தில் இருந்தார்கள். "சாப்பிட்டேன்ப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றேன். வீட்டில் அவர் எனக்கு நைனா. நீ, வா, போதான்.

"யார்னா கூட கீறாங்களா? சரி, நான் அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டார். குரலில் கோபமில்லை. பழகிப்போனவர் மாதிரி இருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும், வகுப்பில் நடந்ததை அவரிடம் சொன்னேன். "நானும் சிரிச்சேன் நைனா."

"சிரிப்பு வந்தா சிரிக்காம இன்னா பண்ணுவ?"

"எனுக்கு சிரிப்பே வர்ல."

திரும்பிப் பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

கட்டுரையை ‘நான் சிரித்தேன்’ என்று தொடங்கினேன். இரண்டு பக்கம் ஓடியது. பிறகு அடித்துவிட்டு, ‘இந்தக் கதையின் வாசகர் சிரிக்கிறார்’ என்று மாற்றி எழுதினேன். ஆய்வுக் கட்டுரையில் ‘நான்’ வரக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பேராசிரியருக்கு அது பிடித்துப்போயிற்று. வகுப்பில் வாசிக்கச் சொன்னார். ஒரு ழகரம்கூடப் பிசகாமல் வாசித்தேன். கைதட்டினார்கள். உட்கார்ந்த பிறகு வெகுநேரம் தலை நிமிரவில்லை.