உதயகலாவின் குருவிக் கொப்பி

கடிதத்தைப் பாதி நீட்டிப் பிடித்தபடியே உதயகலா கேட்பார்: "உந்த வயரிலை இருக்கிற குருவிக்கு என்ன பேர் சொல்லுறனீங்கள்?" பதில் வந்தால்தான் கடிதம் கைமாறும். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் பதினொரு வருடமாகத் தபால் கொடுக்கிறார். சைக்கிள் கூடையில் மஞ்சள் மட்டைக் கொப்பி ஒன்று. பக்கத்துக்கு ஒரு பறவை: பெயர், சொன்ன வீடு, அந்தப் பெயர் வந்த காரணம்.

பனைகளைச் சுற்றிப் பறக்கும் உழவாரனுக்குச் சிறகு, புல்லுச் செருக்கும் உழவாரம்போல வளைந்திருக்கும். ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. கழுத்தில் சிவப்பு மாலை கிடப்பதால் செந்தார்ப் பைங்கிளி என்கிறது புத்தகம். மிளகாய்த் தோட்டம் செய்யும் ஞானாம்பிகை அதை ஏற்கவில்லை. "கிளி எண்டால் கிளிதான் பிள்ளை. மாலை போட்டுக் கூப்பிட்டால் என்ரை மிளகாயை விட்டிடுமே?" அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு கண்டிப்பு உண்டு. தான் எடுத்துக்கொடுக்காமல் மூன்று வீடுகள் சொன்னால்தான் ஒரு பெயர் உறுதி.

சனசமூக நிலையத்தார் கடல்நீரேரிக் கரையில் பறவைப் பலகை வைக்கிறார்கள். ஊர்ப்பெயர்களுக்கு உதயகலாதான் பொறுப்பு. உறுதியில்லாத இடத்தில் புத்தகப் பெயர் போகும். கறுப்புச் சிறகும் நீண்ட சிவந்த காலுமாகச் சேற்றில் நடக்கும் பறவையைப் புத்தகம் 'நெடுங்கால் உள்ளான்' என்கிறது. ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. கொப்பியில் இருந்தது 'பாதிரிக்குருவி'. ஓய்வுபெற்ற ஆசிரியர் நதானியேல் முதலில் சொன்னார். சில மாதங்களில் மூன்று வீடுகளும் சொல்லிவிட்டன.

பலகை எழுதும் நாள் காலையில் நதானியேலிடம் கடிதம் கொடுக்கப் போனவர், அந்தப் பெயரும் பலகையில் வருகிறது என்றார். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, அது நான் பகிடிக்குச் சொன்னது. எங்கடை பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வெள்ளத்துக்கை நடந்தது ஞாபகம் வந்தது."

"பழைய பேர் எண்டனீங்கள், மாஸ்ரர்."

"பாதிரியார் பழசுதானே."

உதயகலா படியில் அமர்ந்துவிட்டார். அவர் முதலில் சொன்ன அன்று சிரிப்புத் தாங்காமல் அந்தப் பெயரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனது அவரேதான். கடிதங்களோடு கொண்டுபோய்க் கொடுத்ததை ஊர்ப்பெயராகத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

"ஒரு பேர் பொய்யெண்டால் மிச்சத்தை ஆர் நம்புவினம்?"

"அப்ப வெட்டிவிடும்."

"ஞானாம்பிகை அக்காவின்ரை பேத்தி அதை அப்பிடித்தான் கூப்பிடுறாள். அவளின்ரை வாயிலை எப்பிடி வெட்டுறது?"

கொப்பியைத் திறந்தார். 'பழைய பெயர்' என்ற இரண்டு சொற்களை மட்டும் வெட்டினார். கீழே, 'வைத்தவர்: நதானியேல் மாஸ்ரர்' என்று எழுதி ஆண்டையும் போட்டார். பிறகு, பதிவுத் தபாலுக்குச் செய்வதுபோல, ஒப்பமிட வேண்டிய இடத்தில் சிறு புள்ளடி போட்டுப் பேனையை அவரிடம் நீட்டினார்.